பீச்சு மணல் போகுதா வருதா? டர்பன் வடக்குக் கரையில நாமளே அளந்து பாக்குற வழி

கடல் ஏறிக்கிட்டே வருதுனு தென்னாப்பிரிக்காவுல டர்பன் வடக்குப் பக்கம் எந்த வீட்டு பிரேயருக்குப் போனாலும் ஒரு அங்கிளாவது சொல்லிருவாரு. எவ்ளோ ஏறிருக்குனு கேட்டா ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டுவாரு, அவ்ளோதான். பக்கத்துல உக்காந்திருக்கிற இன்னொருத்தரு போன வருஷம் அதே இடத்துல மணல் குவிஞ்சு கெடந்துச்சேம்பாரு. ரெண்டு பேருமே பொய் சொல்லல. பீச்சு அப்படித்தான், ஒரு புயல்ல உள்ள போகும், அமைதியான மாசங்கள்ல மெல்ல மெல்ல திரும்பி வரும். அதனால "மணல் போச்சா"னு கேக்குறதுல பெருசா ஒன்னும் இல்ல, "போனது திரும்பி வந்துச்சா, முழுசா வந்துச்சா"னுதான் கேக்கணும், அதுக்கு பதில் வேணும்னா ஒரே இடத்துல ஒரே மாதிரி விடாம அளக்கணும். ரெண்டு கம்பு, ஒரு கயிறு, ஒரு நோட்டு, மூணு நாலு பேரு இருந்தா போதும். நான் உம்ட்லோட்டி, லா மெர்சி, டோங்காட் பீச்சு பக்கத்தை மனசுல வச்சு எழுதுறேன், டர்பனுக்குத் தெக்க இசிபிங்கோ பக்கம் இருக்கிறவங்களும் இப்படியே பண்ணலாம்.

எவ்ளோ தூரம் எடுத்துக்கறது

ஆசைப்பட்டு அஞ்சு கிலோமீட்டர் எடுத்துக்காதீங்க. நாலு பேரு இருந்தா ஒரு கிலோமீட்டருக்குள்ள மூணு கோடு தாராளம். கோடுனா மண்மேட்டு ஓரத்துல ஆரம்பிச்சு தண்ணி வரைக்கும் நேரா இறங்குற ஒரு பாதை, ஒவ்வொரு தடவையும் அதே பாதையிலதான் நடக்கணும். லா மெர்சி பக்கம்னா உம்ட்லோட்டி ஆத்து வாய்க்குத் தெக்க ஒன்னு, வடக்க ஒன்னு, ஆத்தோட பாதிப்பு அவ்வளவா இல்லாத தூரத்துல ஒன்னு வச்சுக்கலாம்.

ஆத்து வாய்க்கு ரெண்டு பக்கமும் ஏன்னா, இங்க மணல் எந்தப் பக்கம் நகருதுங்கிறதுல புதுசா வர்ற எல்லாருமே குழம்புவாங்க. அகுல்யாஸ் நீரோட்டம் வடக்க இருந்து தெக்க ஓடுது, ஸ்கூல்ல படிச்சிருப்போம், அதனால மணலும் தெக்கதான் போகும்னு நெனச்சுக்குவோம். ஆனா அந்த ஓட்டம் கரையை விட்டுத் தள்ளி ஆழத்துல ஓடுறது. கரையோரத்துல மணலைத் தள்ளுறது அலைதான், பெரிய அலையெல்லாம் தெக்குப் பக்கத்துப் புயல்ல கெளம்பி கரையில சாய்வா வந்து அடிக்குது, மொத்தத்துல நம்ம கரை மணல் வடக்க பாத்துத்தான் போகுது. டர்பன் துறைமுகத்து வாயில போட்டிருக்கிற கல்சுவர் அந்த மணலை மறிச்சிருது, அதனாலதான் சிட்டி பீச்சுக்கெல்லாம் மாநகராட்சி மணலை பம்ப் பண்ணித் தள்ள வேண்டியிருக்கு. நம்ம பக்கத்துக்கு அப்படி பம்ப் எல்லாம் கிடையாது, ஆறு கொண்டு வந்து போடுற மணல்தான் சோறு. உம்ட்லோட்டி ஆத்துல மேல ஹேசல்மியர் அணை இருக்கு, அது மணலையும் வண்டலையும் பிடிச்சு வச்சுக்குது, போதாததுக்கு நம்ம குவாசுலு நட்டால் மாகாணத்து ஆறுகள்ல கட்டட வேலைக்கு மணல் அள்ளுறதும் நடக்குது. இதெல்லாம் தெரிஞ்சு வச்சுக்கிட்டா அளவுல ஒரு மாத்தம் தெரியும்போது உடனே "குளோபல் வார்மிங்"னு ஒத்த வார்த்தையில முடிச்சுட்டுப் போக மாட்டோம்.

குறி வைக்கிறது

ஒவ்வொரு கோட்டுக்கும் ஆரம்பத்துல அசையாத ஒரு குறி வேணும். பீச்சுக்கு இறங்குற கான்கிரீட் படியோட மூலை, பார்க்கிங் சுவரு, மழைத்தண்ணி பைப் வெளிய வர்ற கான்கிரீட் பெட்டி, இந்த மாதிரி. மரம் வேணாம், வேலிக் கம்பம் வேணாம், கடல் ஓரமா கெடக்குற பெரிய கல்லு சுத்தமா வேணாம். 2007 மார்ச் 19, 20 தேதிகள்ல வந்த அலை ஞாபகம் இருக்கிறவங்களுக்குத் தெரியும், ரிச்சர்ட்ஸ் பே பக்கம் அலை உயரம் 8.5 மீட்டர் வரைக்கும் பதிவாச்சு, அதுவும் சம இரவு நாள் வாக்கில வர்ற பெரிய ஏத்தத்தோட, அதாவது ஹை டைடோட சேந்து வந்துச்சு, பாலிட்டோவுல ரோடு, படி, சுவரு எல்லாம் பேத்துக்கிட்டுப் போச்சு. அதனால முதல் குறிக்குப் பின்னாடி மேட்டுப் பக்கமா ரெண்டாவது குறி ஒன்னு வச்சே ஆகணும். ரெண்டையும் ஒரே நேர்கோட்டுல பாத்து நின்னா எந்தப் பக்கம் இறங்கணுங்கிறது தானா தெரிஞ்சுரும், ஒன்னு போனாலும் இன்னொன்னு இருக்கும். ரெண்டுக்கும் நடுவுல எவ்ளோ தூரம், எது எவ்ளோ உயரம்னு முதல் நாளே அளந்து எழுதி வச்சுருங்க.

போன்ல இருக்கிற ஜிபிஎஸ் அந்த இடத்தைத் திரும்பக் கண்டுபிடிக்கத்தான் ஆகும், அளக்க ஆகாது. அது நல்லா இருக்கிற நாள்லயே மூணு நாலு மீட்டர் தள்ளிக் காட்டும், நாம தேடுறதோ சென்டிமீட்டர் கணக்கு.

மண்மேட்டுல கம்பி அடிக்கிறது, செடியை வெட்டி வழி பண்றது, காரை பீச்சுல இறக்குறது எதுவும் வேணாம். பீச்சுல வண்டி ஓட்டுறதுக்கு இந்த நாட்டுல 2002ல இருந்தே தடை. ட்யூட்டில இருக்கிற லைஃப்கார்டுகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு ஆரம்பிச்சா நல்லது, ரெண்டு தடவை போனா அவரே "போன வாரம் அந்தப் பைப் பக்கம் மணல் எறங்கிருச்சு பாருங்க"னு கூப்பிட்டுச் சொல்ல ஆரம்பிச்சுருவாரு.

எப்போ போறது

வத்தத்துல போகணும், அதாவது லோ டைட்ல. இந்தக் கரைல ஒரு நாளைக்கு ரெண்டு ஏத்தம் ரெண்டு வத்தம். அமாவாசை, பௌர்ணமிய ஒட்டி ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் உயர வித்தியாசம் சுமார் 1.8 மீட்டர், நடுவுல அஷ்டமி வாக்கில அது அரை மீட்டர் பக்கம் சுருங்கிரும். 1.8 மீட்டர்ங்கிறது கேக்க சின்னதா இருக்கும், ஆனா சரிவு கம்மியா இருக்கிற பீச்சுல அது படுக்கையில இருபது முப்பது மீட்டர் மணல். ஃபேஸ்புக்குல போடுற "அப்போ இப்போ" போட்டோ பாதி ஒன்னு ஏத்தத்துலயும் இன்னொன்னு வத்தத்துலயும் எடுத்ததாத்தான் இருக்கும், நான் அதையெல்லாம் நம்புறதே இல்ல.

நமக்கு ஒரு சௌகரியம் என்னன்னா வீட்டுச் சுவத்துல பஞ்சாங்கக் காலண்டர் தொங்குது. அமாவாசைக்கோ பௌர்ணமிக்கோ அடுத்த நாளோ ரெண்டாம் நாளோதான் பெரிய வத்தம் வரும், டர்பன் கரைல அது காலைல பத்து மணி வாக்கில வரும், எல்லா மாசமும் கிட்டத்தட்ட அதே நேரம். விரதம் இருக்கிறவங்களுக்கு நாள் மறக்கவே மறக்காது. சரியான நிமிஷத்துக்கு தென்னாப்பிரிக்கக் கடற்படையோட ஹைட்ரோகிராஃபிக் ஆபீஸ் வருஷா வருஷம் போடுற டைட் டேபிளைப் பாருங்க, போன் ஆப்புல வர்றதும் பரவால்ல, ஆனா டர்பன் போட்டிருக்கானு பாத்துக்கோங்க. வத்தத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே போய் மேட்டுல இருந்து ஆரம்பிச்சா, தண்ணி ஓரம் வந்து சேரும்போது சரியா இருக்கும்.

மாசத்துக்கு ஒரு தடவை கட்டாயம். அது போக பெரிய அலை அடிச்சா ரெண்டு மூணு நாளைக்குள்ள ஒரு தடவை, அப்புறம் ஒரு மாசம் கழிச்சு. அந்த புயலுக்கு அப்புறம் எடுக்கிற ரெண்டு அளவுதான் தங்கம், ஏன்னா எவ்ளோ போச்சு, எவ்ளோ வேகமா திரும்புதுங்கிறது அதுலதான் தெரியும். ஏப்ரல்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் தெக்கு அலை பெருசா வரும், வெயில் காலத்துல பொதுவா மணல் ஏறும், ஆனா உங்க பீச்சு அப்படித்தான் நடக்கணும்னு சட்டம் இல்ல, அதுக்குத்தான் அளக்குறோம்.

கம்பு வச்சு அளக்குறது

இது எமெரினு ஒரு அமெரிக்க விஞ்ஞானி 1961ல எழுதி வச்ச முறை, இன்னைக்கும் யுனிவர்சிட்டிப் பசங்க இதத்தான் பண்றாங்க. ஹார்ட்வேர் கடைல ஒன்றரை மீட்டர்ல ரெண்டு நேரான கம்பு வாங்குங்க, பழைய விளக்குமாத்துக் கம்பு ஒரே நீளமா இருந்தா அதுவும் ஓகே. மேல் நுனியை சைபர்னு வச்சு, கீழ பாத்து ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் பெர்மனன்ட் மார்க்கர்ல கோடு, ஒவ்வொரு பத்துக்கும் செகப்பு டேப். ரெண்டு கம்புக்கும் நடுவுல சரியா ரெண்டு மீட்டர் கயிறு. நைலான் கயிறு வேணாம், இழுத்தா நீளும். அடிநுனி மணல்ல பொதையாம இருக்க அகலமா ஒரு மூடியோ பலகைத் துண்டோ ஒட்டிருங்க, ஈர மணல்ல கம்பு அஞ்சு சென்டிமீட்டர் இறங்கினா மொத்தக் கணக்கும் போச்சு.

முதல்ல குறியில இருந்து அதுக்கு நேர் கீழ இருக்கிற மணல் எவ்ளோ ஆழத்துல இருக்குனு டேப் வச்சு அளந்து எழுதுங்க. இதை நெறைய பேரு விட்டுருவாங்க, இது இல்லாம மத்தது எல்லாம் அந்தரத்துல தொங்கும்.

அப்புறம் ஒருத்தர் மேட்டுப் பக்கம் ஒரு கம்போட நிக்கணும், இன்னொருத்தர் கடல் பக்கமா கயிறு விறைப்பா ஆகுற வரைக்கும் போய் மத்த கம்பை நெட்டுக்குத்தா நேரா பிடிச்சுக்கணும். மேட்டுப் பக்கம் நிக்கிறவரு குனிஞ்சு, முன்னாடி இருக்கிற கம்போட மேல் நுனியும் கடலும் வானமும் சேர்ற கோடும் ஒன்னா தெரியிற மாதிரி கண்ணை வைக்கணும். அப்போ அந்தப் பார்வை தன் கம்புல எந்த நம்பர்ல வெட்டுதோ அதான் இறக்கம். நுனியில இருந்து 12வது கோட்டுல வெட்டுச்சுனா அந்த ரெண்டு மீட்டர்ல மணல் 12 சென்டிமீட்டர் கீழ எறங்கிருக்கு. சில இடத்துல மணல் திட்டு ஏறும், அப்போ முன்னாடி கம்பு உயரமா இருக்கும், அந்த நேரத்துல பின்னாடி கம்போட நுனியில கண்ணை வச்சு தொடுவானக் கோடு முன் கம்புல எங்க வெட்டுதுனு படிங்க, அது ஏத்தம். மூணாவது ஆளு நோட்டுல எழுதிக்கிட்டே சத்தமா திருப்பிச் சொல்லணும், "மூணாவது, நாலு, ஏத்தம்" அப்படினு. காத்துல பாதி காதுல விழாது, திருப்பிச் சொல்லாம எழுதுனா இறக்கம் ஏத்தமா மாறிரும்.

அப்புறம் பின்னாடி கம்பு முன்னாடி கம்பு நின்ன அதே இடத்துக்கு வரும், முன்னாடி கம்பு இன்னும் ரெண்டு மீட்டர் போகும். முதல்ல 12 இறக்கம், அடுத்தது 9 இறக்கம், மூணாவது 4 ஏத்தம்னா, ஆரம்பிச்ச இடத்துல இருந்து ஆறு மீட்டர் தள்ளி மணல் 17 சென்டிமீட்டர் கீழ இருக்கு. இப்படியே தண்ணி முட்டி அளவு வர்ற வரைக்கும். அதுக்கு மேல யாரும் போகாதீங்க, ஒரு ரீடிங்குக்காக உயிரை விடுறதுல ஒன்னும் இல்ல.

சில சங்கதி. நம்ம கரை கிழக்க பாத்தது, காலைல சூரியன் கடல் மேல பளபளனு அடிக்கும், தொப்பியும் கருப்புக் கண்ணாடியும் இல்லாம தொடுவானம் தெரியாது. மூடுபனியா இருந்தா கண்ணால பாக்குற முறை நடக்காது, அன்னைக்கு கொத்தனார் டியூப்ல தண்ணி ஊத்தி மட்டம் பாப்பாரே, அந்த மாதிரி ட்ரான்ஸ்பேரன்ட் டியூபை ரெண்டு கம்புலயும் கட்டி தண்ணி மட்டத்தைப் படிங்க, உள்ள காத்துக் குமிழி இல்லாம பாத்துக்கோங்க. கணக்குப் புலி யாராவது வந்து தொடுவானம் கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழதானே இருக்கும்னு கேப்பாரு. உண்மைதான், நாம நிக்கிற உயரத்துக்கு ரெண்டு மீட்டருக்கு ஒன்னு ரெண்டு மில்லிமீட்டர் பிசகு வரும், ஆனா ஒவ்வொரு மாசமும் அதே பிசகுதான் வருது, நமக்கு வேண்டியது மாசத்துக்கு மாசம் வித்தியாசம், அதனால கவலைப்பட வேணாம்.

புயலுக்கு அப்புறம் போனா மணல்ல செங்குத்தா ஒரு வெட்டு நிக்கும், சில சமயம் ஆள் இடுப்பு உயரம். அதோட மேல் விளிம்புல நிக்காதீங்க, பொலபொலனு சரியும். வெட்டோட உச்சி, அடி ரெண்டையும் தனித்தனியா டேப் வச்சு அளந்து, குறியில இருந்து எத்தனையாவது மீட்டர்னு எழுதுங்க. அந்த வெட்டை கிட்ட போய்ப் பாருங்க, பழுப்பு மணலுக்கு நடுவுல கருப்பா மெல்லிசா அடுக்கு அடுக்கா கோடு தெரியும். அது அழுக்கு இல்ல, எண்ணெயும் இல்ல, இல்மனைட் மாதிரி கனமான தாது மணல். அலை லேசான மணலை அள்ளிக்கிட்டுப் போகும்போது கனமானது அப்படியே தங்கிரும், அதனால ஒவ்வொரு கருப்புக் கோடும் முன்னாடி ஒரு தடவை இங்க அரிப்பு நடந்துச்சுங்கிறதுக்கு சாட்சி. ஒரு காந்தத்தை பிளாஸ்டிக் பைல சுத்தி அந்த மணல்ல வச்சீங்கன்னா கொஞ்சம் துகள் ஒட்டிக்கிட்டு வரும், பசங்களுக்கு இது ஒன்னு காட்டினா போதும் அடுத்த மாசமும் வருவாங்க. ரிச்சர்ட்ஸ் பேல சுரங்கம் போட்டு எடுக்கிறதும் இந்த வகை மணல்தான், கன்னியாகுமரி பக்கம் மணவாளக்குறிச்சில இருந்து வந்தவங்களுக்கு நான் சொல்லவே வேணாம். கருப்பு மணல் பீச்சு மேல முழுசா பரவிக் கெடந்தா அதையும் போட்டோவோட நோட்டுல எழுதுங்க.

கணக்குப் போடுறது பெரிய வித்தை இல்ல. போன மாசக் கோட்டையும் இந்த மாசக் கோட்டையும் ஒன்னு மேல ஒன்னு வரைஞ்சா நடுவுல இருக்கிற இடைவெளிதான் போன மணல். உதாரணத்துக்கு 50 மீட்டர் நீளத்துல சராசரியா 40 சென்டிமீட்டர் எறங்கிருக்குனா, கரையோரம் ஒவ்வொரு மீட்டருக்கும் 20 கன மீட்டர் மணல் போயிருக்கு. ஒரு டன் பக்கில, அதாவது பின்னாடி தொறந்த பிக்கப் வண்டில, ஈர மணல் அரை கன மீட்டருக்கு கொஞ்சம் மேலதான் ஏறும், அப்போ ஒவ்வொரு மீட்டருக்கும் முப்பது பக்கிக்கு மேல. மீட்டிங்ல இப்படிச் சொன்னாத்தான் கவுன்சிலரு பேனாவை எடுப்பாரு.

கம்பு தவிர பாக்க வேண்டியது

மண்மேட்டு ஓரத்துல முதல் உயிருள்ள செடி குறியில இருந்து எத்தனை மீட்டர்ல இருக்குனு ஒவ்வொரு தடவையும் அளங்க. நம்ம ஊர் கடற்கரைல படர்ற அதே அடப்பங்கொடி இங்கயும் மண்மேட்டுல ஊதாப் பூவோட படர்ந்து கெடக்கும். அது கடல் பக்கமா எறங்கி வந்தா மணல் நிலைச்சு நிக்குதுனு அர்த்தம், வேர் தொங்கிக்கிட்டு இருந்தா மேடு அரிபடுது. ஒரே ஒரு அளவு, அரை நிமிஷ வேலை, ஆனா ரெண்டு மூணு வருஷத்துல இது சொல்ற கதை கம்பு சொல்றதை விட சுலபமா புரியும்.

ஆத்து வாய் தொறந்திருக்கா மூடிருக்கானு பாருங்க. உம்ட்லோட்டி மாதிரி ஆறுங்க மழை கம்மியான மாசத்துல மணல் அடைச்சு மூடிக்கும், வெள்ளம் வந்தா ஒடைச்சுக்கிட்டுத் தொறக்கும். தொறந்திருந்தா எவ்ளோ அகலம், எந்தப் பக்கம் வளைஞ்சு போகுது, தண்ணி என்ன கலரு. மூடிக் கெடக்கும்போது வீட்டுப் பக்கம் தண்ணி ஏறுதேனு மம்பட்டி எடுத்துக்கிட்டு யாராவது கெளம்புவாங்க, அதுல நீங்க சேராதீங்க, அனுமதி இல்லாம வாயை வெட்டி விடக்கூடாது, உள்ள இருக்கிற மீன் குஞ்செல்லாம் நேரம் கெட்ட நேரத்துல கடலுக்குப் போயிரும். யாரோ வெட்டிருக்காங்கன்னா தேதி போட்டு போட்டோ எடுத்து வைங்க.

வெள்ளத்துக்கு அப்புறம் வேற ஒரு குழப்பம் வரும். 2022 ஏப்ரல் 11, 12ல கொட்டின மழைல டர்பன் பக்கம் நானூறு பேருக்கு மேல செத்துப் போனாங்க, அடுத்த மாசமே உம்ட்லோட்டில மறுபடி சரிவும் சேறும். கழிவுநீர் பைப்பும் பம்ப் ஸ்டேஷனும் ஒடைஞ்சதுல பீச்செல்லாம் மாசக்கணக்குல மூடிக் கெடந்துச்சு. அந்த மாதிரி நேரத்துல ஆறு மணலையும் கொண்டு வந்து கொட்டும், பீச்சு அகலமா அழகா தெரியும், தண்ணி மட்டும் விஷம். அதனால மணல் கணக்கும் தண்ணி கணக்கும் தனித்தனிப் பக்கத்துல இருக்கட்டும்.

தண்ணியை நாம லேப்ல டெஸ்ட் பண்ண முடியாது, ஈ கோலைங்கிற மலக் கிருமியை எண்றதுக்கு முறையான லேப் வேணும். ப்ளூ ஃப்ளாக்னு சுத்தத்துக்கு சான்று வாங்கின பீச்சுக்கு 100 மில்லி தண்ணில 250க்கு மேல போகக் கூடாதுனு வரம்பு இருக்கு, மாநகராட்சி வெளியிடுற ரிசல்ட்டை உங்க தேதிக்குப் பக்கத்துல எழுதி வச்சுக்கலாம். நாம பாத்து எழுத வேண்டியது மழைத்தண்ணி பைப்ல மழை இல்லாத நாள்லயும் தண்ணி ஓடுதா, சாம்பல் கலரா, நாத்தம் அடிக்குதா. வெயில் காயிற நாள்ல பைப் ஓடுச்சுனா மேல எங்கயோ சாக்கடை கலக்குதுனு அர்த்தம், உடனே கம்ப்ளைன்ட் பண்ணி ரெஃபரன்ஸ் நம்பர் வாங்குங்க. நம்பர் இல்லாத கம்ப்ளைன்ட் காத்துல போன கம்ப்ளைன்ட். பெரிய மழைக்கு அப்புறம் ரெண்டு மூணு நாள் தண்ணில கால் வைக்காம, வறண்ட மணல்ல மட்டும் அளந்துட்டு வாங்க.

அலை ஒதுக்கி வச்ச குப்பைக் கோடு ஒன்னு பீச்சு நெடுக ஓடும். அதுல குறிக்கு நேரா ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம் கயித்தால போட்டு உள்ள இருக்கிறதை எண்ணுங்க. முக்கியமா நர்டில், பிளாஸ்டிக் பொருள் செய்றதுக்கு முன்னாடி இருக்கிற குட்டி உருண்டை, மூணு நாலு மில்லிமீட்டர், வெள்ளையா பாதி கண்ணாடி மாதிரி இருக்கும், நகத்தால அழுத்தினா நசுங்காது. 2017 அக்டோபர் 10ல துறைமுகத்துல அடிச்ச புயல்ல கன்டெய்னர் கடல்ல விழுந்து 49 டன் நர்டில் கொட்டுச்சு, அப்போ வீட்டு சல்லடையை எடுத்துக்கிட்டுப் போய் அரிச்சவங்க நம்மள்லயே நெறைய பேரு இருப்பீங்க. புதுசு வெளுப்பா இருக்கும், ரொம்ப நாள் கடல்ல கெடந்தது மஞ்சளாவோ பழுப்பாவோ மாறிருக்கும், அதனால கலரு வாரியா எண்ணுங்க. கையுறை போட்டுக்கோங்க, எண்ணினதை ஜாடில போட்டு வைங்க, திரும்பக் கொட்டாதீங்க.

அதே சதுரத்துல தேங்காய் மூடி, அகல் விளக்கு, வெத்தலை, செகப்புத் துணி இதெல்லாமும் வரும், பொங்கல் நேரத்துலயோ சாம்பல் கரைக்கிற இடத்துப் பக்கத்துலயோ கூடவே வரும். வெக்கப்பட்டு விட்டுறாதீங்க, அதையும் எண்ணி எழுதுங்க. தேங்காயும் பூவும் மக்கிரும், பிளாஸ்டிக் ஜரிகையும் பாலிதீன் பையும்தான் தங்குறது, அந்த நம்பரைக் காட்டிக் கோவில் கமிட்டிகிட்ட பேசினா சண்டை இல்லாம காரியம் ஆகும்.

பிப்ரவரில இருந்து ஏப்ரல் வரைக்கும் குப்பைக் கோட்டுல உள்ளங்கை அளவு ஆமைக் குஞ்சு கெடந்தா தண்ணில விடாதீங்க. பாவம்னு கடல்ல விடத்தான் தோணும், ஆனா அது வடக்க மாப்புட்டாலாந்துல பொரிச்சு, கடல்ல பலம் இல்லாம ஒதுங்கினது, விட்டா செத்துரும். தண்ணி ஊத்தாத ஒரு டப்பால, மூடியில ஓட்டை போட்டு வச்சு, டர்பன்ல உஷாக்கா மரைன் வேர்ல்டுல இருக்கிற ஆமை சிகிச்சை ஆளுங்களைக் கூப்பிடுங்க. நீல ஜெல்லி மாதிரி ப்ளூபாட்டில் நெறைய ஒதுங்கிருந்தா அன்னைக்கு காத்து எந்தத் திசைனு சேத்து எழுதுங்க, பெரும்பாலும் வடகிழக்குக் காத்தா இருக்கும்.

போட்டோவும் நோட்டும்

போட்டோ ஒரே இடத்துல இருந்து ஒரே மாதிரி. 2017ல ஆஸ்திரேலியால சிட்னி பக்கம் கோஸ்ட்ஸ்னாப்னு ஆரம்பிச்சாங்க, பீச்சு ஓரத்துல போனை வைக்க ஒரு ஸ்டாண்டு, யார் வேணாலும் வச்சு படம் எடுத்து அனுப்பலாம், இப்போ பல நாட்டுல இருக்கு. நமக்கு ஸ்டாண்டு இல்லைனாலும் படிக்கட்டுக் கைப்பிடியில ஒரு இடத்துல பெயின்ட் புள்ளி வச்சு, போனை அதுமேல படுக்கையா வச்சு, ஜூம் பண்ணாம, தொடுவானம் படத்துல மேல மூணுல ஒரு பங்குல வர்ற மாதிரி எடுங்க. இதை வாட்ஸாப்புல சாதாரண போட்டோவா அனுப்பாதீங்க, அது படத்தை சுருக்குறதோட எப்போ எங்க எடுத்ததுங்கிற விவரத்தையும் உருவிப் போட்டுரும், டாக்குமென்ட்டா அனுப்புங்க. ஃபைல் பேர்லயே வருஷம் மாசம் தேதி நேரம் கோடு நம்பர்.

நோட்டுல பென்சில்தான், பேனா உப்புத் தண்ணில கரையும். அளவு விசித்திரமா இருந்தாலும் அழிக்காதீங்க, பக்கத்துல ஒரு கேள்விக்குறி போட்டு மறுபடி அளந்து அதையும் எழுதுங்க. ஒன்னும் இல்லைனா "ஒன்னும் இல்ல"னு எழுதணும், வெறும் பக்கமா விட்டா பின்னாடி பாக்குறவருக்கு நீங்க பாக்கலையா, பாத்தும் இல்லையானு தெரியாது. வீட்டுக்கு வந்த அன்னைக்கே ஸ்ப்ரெட்ஷீட்ல ஏத்திட்டு, நோட்டுப் பக்கத்தையும் போட்டோ எடுத்து வச்சுருங்க.

பழைய அங்கிள் ஆன்ட்டிங்ககிட்ட, வலை போட்ட குடும்பத்துக்காரங்ககிட்ட கதை கேளுங்க, எந்த வருஷம் பாறை தெரிஞ்சுச்சு, எது வரைக்கும் மணல் இருந்துச்சுனு அவங்களுக்குத்தான் தெரியும், வீட்டு ஆல்பத்துல பீச்சுல எடுத்த பழைய குடும்ப போட்டோல பின்னாடி படியோ சுவரோ தெரிஞ்சா அதை ஸ்கேன் பண்ணுங்க. ஆனா கேட்ட கதையும் அளந்த நம்பரும் ஒரே பட்டியல்ல கலக்க வேணாம், தனி ஷீட்.

பீச்சு நம்மதுதான்னாலும் தனியா போகாதீங்க, குறைஞ்சது மூணு பேரு. நகை, நல்ல போன் வீட்டுல. கடலுக்கு முதுகு காட்டி நின்னு எழுதாதீங்க. நவம்பர்ல இருந்து மதியத்துக்கு மேல இடி வந்தா கையில கம்பு வச்சுக்கிட்டு வெட்ட வெளில நிக்கிறது நாமதான், கம்பைப் போட்டுட்டு காருக்குப் போயிருங்க. ஆபத்துனா செல்போன்ல 112.

ஒரு வருஷ அளவு சேந்த பிறகு டர்பனோட எத்தெக்வினி மாநகராட்சிக் கடற்கரைப் பிரிவு, குவாசுலு நட்டால் யுனிவர்சிட்டி, இல்ல டர்பன்லயே இருக்கிற ஓஷனோகிராஃபிக் ரிசர்ச் இன்ஸ்டிட்யூட் பக்கம் எடுத்துக்கிட்டுப் போங்க. எந்த முறைல அளந்தோம், குறி எங்க இருக்கு, யாரு யாரு அளந்தாங்கனு ஒரு பக்கம் எழுதிச் சேத்தா மதிப்பாங்க, வெறும் கிராஃப் மட்டும் கொண்டு போனா டீ குடுத்து அனுப்பிருவாங்க. கம்பு பிடிக்கிறவரு ஊர் மாறிப் போறதுக்கு முன்னாடி புது ஆளோட ஒரே நாள்ல ஒரே கோட்டை ரெண்டு பேரும் தனித்தனியா அளந்து பாக்கட்டும், வித்தியாசம் ரெண்டு மூணு சென்டிமீட்டருக்குள்ள வந்தா நோட்டைக் கை மாத்தலாம், அதுக்கு மேல போச்சுனா அடுத்த அமாவாசைக்கும் ரெண்டு பேருமே வரணும்.